பிறந்த பின்னும் மூடாத ஓவல் துளை: எப்போது விட்டுவிடலாம், எப்போது அடைக்க வேண்டும்?

#1 தொப்புள்கொடி

பச்சிளங்குழந்தையின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் "பி.எஃப்.ஓ. 2 மி.மீ., இடமிருந்து வலம் கசிவு" என்று கடைசியில் ஒரு வரி வரும் (பி.எஃப்.ஓ. என்றால் மூடாத ஓவல் துளை). அது வீடு போய்ச் சேர்வதற்குள் "குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை" ஆகிவிடுகிறது. குளிப்பாட்டப் பயம், அழவிடப் பயம், தடுப்பூசி போடப் பயம். இன்னொரு பக்கம், நாற்பது வயதில் பக்கவாதம் வந்தவரின் அறிக்கையில் அதே மூன்று எழுத்து இருந்தால், "அதுதான் காரணம், அடைத்துவிடுங்கள்" என்று சொந்தக்காரர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறான இடத்தில் தொடங்கும் பேச்சு. அவரவர் வேலை செய்யும் பகுதியை விவரமாக எழுதினால் ஒரே இடத்தில் கிடைக்கும். குழந்தைப் பக்கத்தை நான் தொடங்குகிறேன்.

கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. நல்ல ரத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள் சிரை வழியாக வந்து, கீழ்ப்பெருஞ்சிரையில் ஏறி, வலது மேலறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து நுரையீரலைச் சுற்றிவருவதில் பயனில்லை. அதனால் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு குறுக்குவழி: அதுதான் ஓவல் துளை. சிரை வாயில் இருக்கும் யூஸ்டேக்கியன் மடிப்பு அந்த ரத்தத்தை நேராகத் துளையை நோக்கித் திருப்பிவிடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் முதலில் கிடைப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

துளை என்றால் சுவரில் துளைபோட்ட குழி என்று நினைக்க வேண்டாம். ஒன்றன் மேல் ஒன்று படியும் இரண்டு தடுப்புகள். வலப்பக்கம் இருப்பது தடித்தது, அதில் இடைவெளி உண்டு. இடப்பக்கம் இருப்பது மெல்லிய மடல், அந்த இடைவெளியை மறைத்தபடி தொங்குகிறது. வலமிருந்து தள்ளினால் திறக்கும், இடமிருந்து தள்ளினால் சாத்திக்கொள்ளும். ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு.

குழந்தை முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிந்து, அதன் ரத்தக்குழாய்களின் தடை சரிகிறது. நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் ரத்தம் பெருகி அங்கே அழுத்தம் ஏறுகிறது. தொப்புள்கொடியைக் கட்டியதும் வலது மேலறைக்கு வரும் ரத்தம் குறைந்து அழுத்தம் இறங்குகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. ஆனால் சாத்துவது வேறு, ஒட்டுவது வேறு. விளிம்புகள் ஒட்டிப்போக மாதங்கள் ஆகும், பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள். ஆகவே மூன்றாம் நாள் எக்கோவில் சின்னக் கசிவு தெரிந்தால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

---

#2 எக்கோமேசை

தொப்புள்கொடி சொன்னதோடு ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். பி.எஃப்.ஓ., ஏ.எஸ்.டி., பி.டி.ஏ. மூன்றையும் மக்கள் "ஓட்டை" என்கிறார்கள்.

ஏ.எஸ்.டி. என்றால் மேலறைச் சுவரில் திசுவே குறைவு. அங்கே கதவு இல்லை, இடைவெளிதான். எப்போதும் இடமிருந்து வலம் ரத்தம் ஓடும், பெரிதாக இருந்தால் நாளடைவில் வலப்பக்கம் வீங்கும். பி.டி.ஏ. சுவரிலேயே இல்லை. பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே உள்ள குழாய் அது. நிறைமாதக் குழந்தையில் இரண்டு மூன்று நாளில் சுருங்கிவிடும், குறைமாதக் குழந்தையில் திறந்தே இருந்து தொல்லை தரும். பி.எஃப்.ஓ.வில் திசு முழுதாக இருக்கிறது, ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரத்தில் 3, 4 மி.மீ. இருந்தால் இது பி.எஃப்.ஓ.வா, சின்ன ஏ.எஸ்.டி.யா என்று அடித்துச் சொல்வது கடினம். சொல்லவேண்டிய அவசரமும் இல்லை. 1993-இல் ராட்ஸிக் குழு 101 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தது: 3 மி.மீ.க்குக் குறைந்தவை அத்தனையும் மூடின. 3 முதல் 5 வரை 87 சதவீதம். 5 முதல் 8 வரை 80 சதவீதம். 8-க்கு மேல் ஒன்றும் மூடவில்லை. இதை வைத்துத்தான் மறு எக்கோவுக்கு எப்போது வரச்சொல்வது என்று தீர்மானிக்கிறோம்.

---

#3 தொப்புள்கொடி

அதோடு, அறிக்கையில் எல்லோரும் மில்லிமீட்டரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது திசையை. பிறந்த குழந்தையில் இடமிருந்து வலம் என்றால் நிம்மதி. வலமிருந்து இடம் என்று எழுதியிருந்தால் காரணம் தேட வேண்டும். நுரையீரல் அழுத்தம் இறங்காமல் இருக்கலாம். நுரையீரல் சிரைகள் நான்கும் இடது மேலறைக்குப் போகாமல் வலப்பக்கம் சேர்ந்திருக்கலாம். அந்தக் குறையில் உடம்புக்குப் போகும் ரத்தமெல்லாம் இந்தத் துளை வழியாகத்தான் இடப்பக்கம் வரும்.

இன்னொன்று, பி.எஃப்.ஓ. குழந்தையை நீலமாக்காது, எடையைக் குறைக்காது. பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறது, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறது, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை தூக்கத்திலும் நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விடுகிறது, உதடும் நாக்கும் நீலம் என்றால் "ஏற்கெனவே எக்கோவில் ஓட்டை சொன்னார்களே, அதனால்தான்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அறிகுறிக்கு வேறு காரணம் இருக்கிறது, அன்றே காட்ட வேண்டும்.

பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்ப்பது சின்ன வேலை. இரண்டிலும் 95-க்குக் குறையாமல், இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் தேறியது. 90-க்குக் கீழே போனால் உடனே எக்கோ. வலது கைதான் வேண்டும், ஏனென்றால் அந்தத் தமனி பி.டி.ஏ. சேரும் இடத்துக்கு முன்பே பிரிகிறது.

---

#4 பழையஏடு

இந்தத் துளை கருவில் திறந்திருந்து பிறந்தபின் மூடுவதைக் கேலன் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1564-இல் லியோனார்டோ பொட்டாலோ பெரியவர்களிலும் திறந்திருப்பதைப் பார்த்து, ரத்தம் வலமிருந்து இடம் போகும் இயல்பான பாதையே இதுதான் என்று தவறாக முடிவுகட்டினார். 1877-இல் ஜெர்மனியின் யூலியஸ் கோன்ஹைம், பக்கவாதத்தில் இறந்த இளம்பெண்ணின் உடலைத் திறந்து பார்த்தபோது, காலிலிருந்து கிளம்பிய உறைகட்டி இந்தத் துளையைத் தாண்டி மூளைக்குப் போயிருக்க வேண்டும் என்றார். முறைமாறிய எம்போலிசம் (ரத்தத்தில் மிதந்துவந்த கட்டி குழாயை அடைப்பது எம்போலிசம்) என்ற கருத்து அங்கே பிறந்தது. சிரையில் உண்டான கட்டி நுரையீரலில் சிக்கியிருக்க வேண்டும். தமனிப்பக்கம் வந்துவிட்டால் அதுதான் முறைமாறியது.

எத்தனை பேருக்கு என்பதற்கு இன்றும் நாம் நம்புவது மேயோ கிளினிக்கில் 965 இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து 1984-இல் வெளியிட்ட கணக்கு. மொத்தம் 27.3 சதவீதம். முதல் முப்பது வயதில் 34.3, எண்பதைத் தாண்டியவர்களில் 20.2. ஆனால் சராசரி அளவு முதல் பத்தாண்டில் 3.4 மி.மீ., கடைசியில் 5.8. மூடுபவை சிறியவை, மிஞ்சுபவை பெரியவை என்று ஒரு விளக்கம். வயதோடு விரிகிறது என்று இன்னொன்று.

---

#5 நரம்புவார்டு

அந்த 27 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டு என் பக்கத்தைப் படியுங்கள். நான்கில் ஒருவருக்கு இருப்பதைப் பக்கவாத நோயாளியிடம் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் அது காரணமாகிவிடாது. கதவைத் தட்டாமலே நான்கில் ஒரு வீட்டில் கிடைக்கும் பொருளைத் திருட்டுக்கு ஆதாரம் என்று காட்ட முடியுமா?

ஆனால் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1988-இல் பிரான்சில் லெஷாவும் உடனிருந்தோரும் 55 வயதுக்குட்பட்ட 60 பக்கவாத நோயாளிகளைப் பார்த்தார்கள். 40 சதவீதத்தினருக்குத் துளை இருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 10 சதவீதம்தான். வேறு காரணமே கிடைக்காதவர்களில் 54 சதவீதம்.

அதனால் எங்கள் வேலை, துளையைத் தேடுவதற்கு முன்னால் மற்றவற்றை ஒழுங்காகத் தேடுவது. மூளை எம்.ஆர்.ஐ., கழுத்திலிருந்து தலை வரை ரத்தக்குழாய்ப் படம், இதயத் துடிப்பைப் பதிவுசெய்வது, ஆன்டிபாஸ்போலிபிட் (ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பொருள்) உள்ளிட்ட ரத்த உறைவுச் சோதனை, காலிலும் இடுப்பிலும் சிரைக்கட்டி இருக்கிறதா என்ற டாப்ளர் ஸ்கேன். நாற்பது வயதைத் தாண்டியவரானால் 24 மணி நேரத் துடிப்புப் பதிவான ஹோல்ட்டரோடு திருப்தியடையாமல் வாரக்கணக்கில் துடிப்பைப் பதிவுசெய்யுங்கள். ஒளிந்திருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை (மேலறை ஒழுங்கின்றித் துடித்து உறைகட்டி உண்டாக்கும் கோளாறு) விட்டுவிட்டுத் துளையை அடைத்தால், நோயாளிக்குத் தேவையான ரத்தம் உறையாத மருந்து கிடைக்காமலே போகும். இந்தத் துறையில் இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு, பக்கவாதத்துக்குத் துளைதான் காரணமா என்று கணிக்க உதவும் ரோப் மதிப்பெண். ரத்த அழுத்தம் இல்லை 1, சர்க்கரை இல்லை 1, முன்பு பக்கவாதமோ டி.ஐ.ஏ.வோ (சிறிது நேரத்தில் சரியாகும் தற்காலிகப் பக்கவாதம்) இல்லை 1, புகைப்பழக்கம் இல்லை 1, படத்தில் மூளைப்புறணியில் பாதிப்பு 1. வயதுக்கு: 18–29 என்றால் 5, முப்பதுகளில் 4, நாற்பதுகளில் 3, ஐம்பதுகளில் 2, அறுபதுகளில் 1, எழுபது முதல் 0.

34 வயது, வேறு நோய் இல்லை, புகைப்பதில்லை, புறணியில் பாதிப்பு: 9. இவருக்குத் துளை காரணமாக இருக்கும் பங்கு சுமார் 88 சதவீதம். 58 வயது, அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, புகைப்பவர், முன்பு பக்கவாதம் வந்ததில்லை, புறணியில் பாதிப்பு: 4. பங்கு 38. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் பூஜ்யம், அதாவது துளை தற்செயலாக அங்கே இருக்கிறது. இருவருக்கும் அறிக்கையில் எழுதியிருப்பது அதே மூன்று எழுத்துதான்.

---

#6 எக்கோமேசை

நரம்புவார்டு சார் சொன்ன மதிப்பெண்ணில் துளையின் அமைப்பு வரவில்லை. அதைச் சேர்த்து 2021-இல் பாஸ்கல் வகைப்பாடு வந்தது. எக்கோவில் இரண்டில் ஒன்று இருந்தால் ஆபத்தான அமைப்பு: சிரையில் நுரைத்த சலைனைச் செலுத்திப் பார்க்கும் குமிழிச் சோதனையில் 20-க்கு மேல் குமிழி தாண்டும் பெரிய கசிவு, அல்லது மேலறைச் சுவர் பாய்மரம் போல உப்பி ஆடும் அனியூரிசம். நடுக்கோட்டிலிருந்து 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆட வேண்டும். ரோப் 7-க்குக் குறையாமல், அமைப்பும் ஆபத்தானது என்றால் "அநேகமாகத் துளைதான்". இரண்டில் ஒன்று மட்டும் என்றால் "இருக்கலாம்". இரண்டும் இல்லையென்றால் "வாய்ப்புக் குறைவு".

குமிழிச் சோதனையை ஒழுங்காகச் செய்யாமல் "நெகட்டிவ்" என்று எழுதுவது நிறைய நடக்கிறது. செய்முறை இது:

முன்கை மடிப்புச் சிரையில், முடிந்தால் வலது கையில், 20 கேஜ் அல்லது 18 கேஜ் கேனுலா. மூவழித் திருகுகுழாயில் 10 மி.லி. லூயர் பூட்டு சிரிஞ்ச் இரண்டு. ஒன்றில் 8 மி.லி. சலைன், 1 மி.லி. காற்று, நோயாளியின் ரத்தத்தையே 1 மி.லி. இழுத்துச் சேர்த்தால் குமிழி நுண்ணியதாகவும் நிலைத்தும் இருக்கும். இரண்டு சிரிஞ்சுக்கும் நடுவே பத்துப் பதினைந்து முறை வேகமாகத் தள்ளி நுரையாக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய காற்றுக்குமிழி எதுவும் உள்ளே போகக் கூடாது. நுரைத்தவுடன் ஒரே தள்ளாகச் செலுத்துங்கள். நேரம் கடந்தால் குமிழி கரைந்துவிடும்.

முதல் முறை சாதாரண மூச்சில். இரண்டாவது முறை வால்சால்வாவோடு: வாயையும் மூக்கையும் மூடி, மலச்சிக்கலுக்கு முக்குவது போல 10 விநாடி முக்கச் சொல்லுங்கள். வலது மேலறை குமிழியால் நிரம்பியதும் "விடுங்கள்". விடும் கணத்தில்தான் வலப்பக்கம் அழுத்தம் ஏறி மடல் திறக்கும். சுவர் இடப்பக்கமாக வளைவது திரையில் தெரிய வேண்டும். வளையவில்லை என்றால் முக்கியது போதாது, சோதனை செல்லாது.

மூன்று துடிப்புக்குள் இடது மேலறையில் குமிழி வந்தால் மேலறைச் சுவர் வழியாக. ஐந்தைத் தாண்டி வந்தால் நுரையீரலுக்குள் தமனி–சிரை நேரடி இணைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

---

#7 வார்டுசிஸ்டர்

செய்முறை நன்றாக வந்திருக்கிறது சார். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முக்கும் பயிற்சியைச் சோதனைக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். படுக்கையில் படுத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கையில் ஊசி குத்திய பிறகு சொன்னால் பாதிப்பேருக்குச் சரியாக வராது. அடிவயிற்றில் கைவைத்து "என் கையைத் தள்ளுங்க" என்றால் உடனே புரியும்.

அடுத்து, கருவியை உணவுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் உணவுக்குழாய் எக்கோ. அதில்தான் தெளிவாகத் தெரியும், உண்மை. ஆனால் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியால் முக்க முடியாது. உணவுக்குழாய் எக்கோவில் இல்லை என்று வந்து, நெஞ்சு எக்கோவில் குமிழி வந்தால் எதை நம்புவது? இதையும் யாராவது விளக்கினால் நல்லது.

---

#8 எக்கோமேசை

சிஸ்டர், குமிழி வந்ததை நம்ப வேண்டும். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வயிற்றை அழுத்திவிட்டுத் திரும்பச் செய்யலாம். இன்னொரு காரணம், சிலருக்குக் கருவிலிருந்த யூஸ்டேக்கியன் மடிப்பு பெரிதாகவே மிஞ்சியிருக்கும். கீழ்ப்பெருஞ்சிரையின் ரத்தத்தைத் துளை மேல் பாய்ச்சி, கையிலிருந்து வரும் குமிழியை ஒதுக்கிவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் தொடைச் சிரையில் செலுத்திப் பார்ப்பார்கள்.

தலைவழி டாப்ளரும் நல்ல வழி. மூளையின் நடுத்தமனியில் குமிழியின் சத்தத்தை எண்ணுவது. நோயாளி விழித்திருப்பதால் நன்றாக முக்குவார். குறை என்னவென்றால் குமிழி இதயத்தில் தாண்டியதா நுரையீரலில் தாண்டியதா என்று அது சொல்லாது. டாப்ளரில் ஆரம்பித்து உணவுக்குழாய் எக்கோவில் அமைப்பைப் பார்ப்பது நல்ல வரிசை.

---

#9 கம்பியும்குழாயும்

அடைப்பதற்கு ஆதாரம் என்ன என்று இன்னும் யாரும் எழுதவில்லை. அதற்கு நீண்ட கதை உண்டு.

1992-இல் பாஸ்டனில் 36 பேருக்குக் குழாய் வழியாக அடைத்துப் பக்கவாதத்தைத் தடுக்கலாம் என்று எழுதினார்கள். அதற்குப் பின் இருபது ஆண்டு நம்பிக்கையின் பேரிலேயே அடைத்தார்கள். 2012-இல் குளோஷர் 1, 2013-இல் பி.சி., ரெஸ்பெக்ட் என்று மூன்று சோதனைகள் வந்தன. முதன்மை முடிவில் மூன்றுமே மருந்தை வெல்லவில்லை. 2017-இல்தான் நிலைமை மாறியது.

குளோஸ்: பெரிய கசிவோ அனியூரிசமோ இருப்பவர்களை மட்டும் எடுத்தது. அடைத்த 238 பேரில் ஒருவருக்கும் பக்கவாதம் வரவில்லை, ஆஸ்பிரின் வகை மருந்து மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ரெட்யூஸ்: அடைத்த 441 பேரில் 6, மருந்து மட்டும் எடுத்த 223 பேரில் 12. ரெஸ்பெக்டின் 980 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டு தொடர்ந்ததும் அடைத்த பக்கம் 18 பேருக்கும் மருந்துப் பக்கம் 28 பேருக்கும் பக்கவாதம். 2018-இல் கொரியாவின் டிஃபென்ஸ், 120 பேர், அடைத்த பக்கம் ஒன்றுமில்லை.

முன்பு தோற்றதற்கும் பின்பு வென்றதற்கும் முக்கியக் காரணம் ஆள் தேர்வு. குளோஷர் 1-இல் பக்கவாதத்துக்கு வேறு காரணம் இருந்தவர்களும் கலந்திருந்தார்கள், அதில் துளையை அடைக்க வைத்த ஸ்டார்ஃப்ளெக்ஸ் டிவைஸில் கட்டியும் துடிப்புக் கோளாறும் கூடுதல். நரம்புவார்டு சார் வலியுறுத்துவது எவ்வளவு சரி என்பதற்கு இந்தச் சோதனைகளே சாட்சி.

ஆனாலும் எண்ணிக்கையை நேராகப் பாருங்கள். குளோஸ் கணக்கில் 20 பேரை அடைத்தால் ஐந்து ஆண்டில் ஒரு பக்கவாதம் தடுக்கப்படுகிறது. மீதி 19 பேருக்கு அந்த ஐந்தாண்டில் எப்படியும் வந்திருக்காது. முப்பது வயதுக்காரருக்கு முன்னால் நாற்பது ஆண்டு இருக்கிறது, அதனால் அவருக்கு அது பெரிய லாபம்.

செய்வது இப்படி. தொடைச் சிரை வழியாகக் குழாய். ரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கிலோவுக்கு 100 யூனிட், ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) 250 விநாடிக்கு மேல். மல்ட்டிபர்ப்பஸ் குழாயால் துளையைத் தாண்டி இடது மேல் நுரையீரல் சிரையில் கடினக் கம்பியை நிறுத்துகிறோம். அதன் மேல் டிவைஸ் உறை. உறையைச் சலைனால் கழுவிக் காற்று முழுவதையும் வெளியேற்றுவதில் அவசரப்படக் கூடாது. இங்கே ஒரு குமிழி போனால் வலது கரோனரித் தமனிக்குள் ஏறி ஈ.சி.ஜி.யில் மாரடைப்பில் போல எஸ்.டி. பகுதி எகிறும். இடது வட்டை விரித்து, சுவரோடு படும்வரை இழுத்து, வலது வட்டை விரித்து, லேசாகத் தள்ளி இழுத்துப் பார்த்து, இரண்டு வட்டும் சுவரைக் கவ்வியிருக்கிறதா என்று எக்கோவில் உறுதிசெய்த பிறகே கழற்றுவது. டிவைஸ் என்பது நிட்டினால் (நிக்கல்–டைட்டானியம் கலவை) கம்பி வலை, உள்ளே பாலியஸ்டர் துணி. ஆம்ப்ளாட்ஸர் பி.எஃப்.ஓ. டிவைஸில் அதிகம் போகும் 25 அளவில் வலது வட்டு 25 மி.மீ., இடது வட்டு 18. ஏ.எஸ்.டி. டிவைஸில் இதற்கு நேர்மாறாக இடது வட்டுதான் பெரியது. புதிதாக வருபவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

---

#10 நரம்புவார்டு

நன்றி. சங்கடங்களையும் எழுதிவிடுங்கள். நோயாளியின் வீட்டார் கையெழுத்துப் போடும்போது அதுதான் வேண்டும்.

---

#11 கம்பியும்குழாயும்

அதிகம் வருவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ரெட்யூஸில் 6.6 சதவீதம், மருந்துக் குழுவில் 0.4. குளோஸில் 4.6, எதிரே 0.9. பெரும்பாலும் முதல் ஆறு வாரத்தில், தானாகவோ மருந்தாலோ சரியாகும். படபடப்பு என்று போன் வந்தால் "டிவைஸ் பழகுகிறது" என்று சொல்லி அனுப்பாமல் ஈ.சி.ஜி. எடுங்கள். மற்றவை அரிது: தொடையில் ரத்தக்கட்டு, டிவைஸ் நழுவுதல், அதன் மேல் உறைகட்டி, அரிதினும் அரிதாகச் சுவர் அரிப்பு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவரா என்று முன்பே கேட்க வேண்டும். கவரிங் நகை, வாட்ச் பட்டை பட்ட இடம் அரிக்குமா என்று கேட்டால் பதில் வரும்.

பிறகு ஆஸ்பிரினும் குளோப்பிடோக்ரெலும் ஒன்று முதல் ஆறு மாதம், அதன்பின் ஒன்றை மட்டும் ஆண்டுக்கணக்கில். "ஓட்டை அடைத்தாச்சு, மாத்திரை எதற்கு" என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. வலையின் மேல் உள்தோல் படர மாதங்கள் ஆகும், அதுவரை அது ரத்தத்தில் கிடக்கும் அந்நியப் பொருள். ஆறு மாதம் வரை பல் பிடுங்கினால் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து. ஆறாம் மாதம் குமிழிச் சோதனை திரும்ப. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், டிவைஸ் அட்டையைக் காட்டிவிட்டு.

அறுபதைத் தாண்டியவருக்கும் அடைக்கலாமா என்ற கேள்வியும் வரும். உதாரணமாக 63 வயதுக்காரர்களைப் பற்றி என் கருத்து: உறைகட்டி காலில் கண்ணெதிரே இருக்கிறது, அனியூரிசம் இருக்கிறது, மாதக்கணக்கில் பதிவுசெய்தும் துடிப்புக் கோளாறு இல்லை என்றால் வயதை மட்டும் காட்டி மறுக்க வேண்டியதில்லை.

---

#12 நரம்புவார்டு

> வயதை மட்டும் காட்டி மறுக்க வேண்டியதில்லை

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மேலே நீங்கள் சொன்ன சோதனைகளில் குளோஸ், ரெஸ்பெக்ட், ரெட்யூஸ் மூன்றும் 60 வயதுக்குட்பட்டவர்களை வைத்து நடந்தவை. 63-இல் வேறு காரணம் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். காலில் உறைகட்டி இருந்தால் அவருக்கு ரத்தம் உறையாத மருந்து எப்படியும் வேண்டும், அதோடு துளையின் ஆபத்தும் குறைந்துவிடுகிறது. அந்த மருந்தைத் தொடர முடியாதவர் என்றால் மட்டும் அடைப்பதைப் பற்றிப் பேசலாம். ஆன்டிபாஸ்போலிபிட் இருப்பவரும் அப்படித்தான். டிவைஸ் வைத்தாலும் வார்ஃபரின் நிற்காது.

---

#13 கம்பியும்குழாயும்

மருந்தைத் தொடர முடியாதவர் என்ற வரம்பை ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல நினைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள்தான் வருவார்கள்.

---

#14 ஆழ்கடல்

முக்குளிப்பவர்களை மறந்துவிட வேண்டாம். சிலிண்டரில் மூச்சுவிட்டு ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வரும்போது சிரைகளில் குமிழியாக வெளிவருகிறது. பொதுவாக நுரையீரல் அதை வடிகட்டிவிடும். துளை இருந்தால் குமிழி தமனிப்பக்கம் தாண்டும். உள்காது, மூளை, தண்டுவடம், தோலில் பளிங்குபோல் திட்டு என்று வரும் அழுத்தநீக்க நோயில் பெரிய துளை உள்ளவர்கள் அதிகம்.

துளை இருக்கிறது என்பதற்காகவே அடைக்க வேண்டியதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் குறைப்பது, அழுத்தநீக்க நிறுத்தம் தேவைப்படாத அளவிலேயே முடிப்பது, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக, நைட்ரஜன் குறைவாக உள்ள காற்று) நிரப்பிக்கொண்டு சாதாரணக் காற்றின் அட்டவணையைப் பின்பற்றுவது, கரையேறிய பின் சில மணி நேரம் பாரம் தூக்காமல் இருப்பது. சிலிண்டரைச் சுமந்தபடி ஏணியில் ஏறுவதும் நங்கூரம் இழுப்பதும் ஒருவகை வால்சால்வாதான். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் ஒரே நாளில் பலமுறை இறங்குகிறார்கள், ஏறியதும் படகு வேலையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எக்கோவைவிட இந்த ஓய்வு முதலில் கிடைக்க வேண்டும்.

---

#15 வார்டுசிஸ்டர்

ஒற்றைத் தலைவலிக்கு அடைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு.

---

#16 நரம்புவார்டு

கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலியில் துளை உள்ளவர்கள் அதிகம், அது சரி. ஆனால் 2008-இல் மிஸ்ட் சோதனையில் 147 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு அடைத்தும் மறுபகுதிக்கு அடைத்தது போல நடித்தும் பார்த்தார்கள். தலைவலி அடியோடு நின்றது அந்தப் பக்கம் 74 பேரில் 3, இந்தப் பக்கம் 73 பேரில் 3. தலைவலிக்காக மட்டும் அடைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

---

#17 தொப்புள்கொடி

குழந்தைப் பக்கத்துக்குத் திரும்புகிறேன், ஒன்று பாக்கி. சில குழந்தைகளுக்கு இந்தத் துளை மூடினால் உயிர் போகும். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம்மாறிப் பிறந்தால் இரண்டு ஓட்டமும் தனித்தனி வட்டம். நல்ல ரத்தம் உடம்புக்குப் போக மேலறைத் துளைதான் முக்கிய வழி. 1966-இல் பிலடெல்பியாவில் ராஷ்கிண்டும் மில்லரும், சுருங்கிய பலூன் உள்ள குழாயைத் துளை வழியாக இடது மேலறைக்கு அனுப்பி, அங்கே ஊதி, வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்து மடலைக் கிழித்தார்கள். நெஞ்சைத் திறக்காமல் செய்தது. இன்றும் தொப்புள் சிரை வழியாக, எக்கோ பார்த்துக்கொண்டே வார்டிலேயே செய்கிறார்கள். முதல் சில வாரங்களில்தான் இழுத்தால் கிழியும், பிறகு சுவர் தடித்துவிடும்.

வேறு ஊருக்கு மாற்ற வேண்டிய நீலக்குழந்தை என்றால் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராமில் தொடங்கிவிட்டுக் கிளம்புங்கள். அது பி.டி.ஏ.வைத் திறந்துவைக்கும், மேலறைத் துளையைத் திறக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, மருந்து ஓடுகிறதே என்று பலூன் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த மருந்தில் மூச்சு நின்றுபோகலாம், அதனால் ஆம்புலன்ஸில் மூச்சுக்குழாய் போடத் தெரிந்தவர் உடன் வர வேண்டும்.

---

#18 வார்டுசிஸ்டர்

துளை இருப்பது தெரிந்தவருக்கு டிரிப் போடும்போது: செட்டை முழுவதும் நிரப்பி, ஒய் இணைப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக் காற்றை எடுத்துவிட்டே இணையுங்கள். பாட்டில் காலியாகும்வரை விடாதீர்கள். ஊசிமருந்து தள்ளும்போது சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, கடைசி அரை மி.லி.யை உள்ளேயே விட்டுவிடுங்கள். வலமிருந்து இடம் எப்போதும் கசியும் குழந்தைகளுக்கு 0.2 மைக்ரான் வடிகட்டி வைக்கிறோம். கொழுப்புக் கரைசலும் ரத்தமும் அதில் போகாது, கொழுப்புக்கு 1.2 மைக்ரான் வேண்டும், ரத்தத்துக்கு அதற்கான செட்.

உட்காரவைத்துச் செய்யும் மூளை அறுவைக்கு அனுப்பும் முன் குமிழிச் சோதனை நடந்திருக்கிறதா என்று கோப்பில் பாருங்கள். தலை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் திறந்த சிரை காற்றை இழுக்கும். துளை இருப்பது தெரிந்தால் மயக்கமருந்து டாக்டர் படுக்கவைத்துச் செய்யச் சொல்வார்.